பதினொரு மஞ்சள் சீட்டுகள்

2024 அக்டோபர் 14, பிற்பகல் மூன்றே கால். பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், புதிதாகப் போட்ட லோரிப் பாதையின் வளைவு இருபதடி சரிந்தது. யாருக்கும் காயமில்லை.

பத்து நாள் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து சசிதரன் என்ற ஆலோசகர் வந்தார். தோல்விகளைப் பற்றிக் குழுக்களைச் சிந்திக்க வைப்பது அவர் தொழில். "யாரையும் குறை சொல்ல நாம கூடல" என்று தொடங்கினார். குறை சொல்லாமலிருப்பதில் அந்தத் தோட்டத்துக்கு மூன்று தலைமுறைப் பயிற்சி உண்டு என்பது அவருக்குத் தெரியாது.

"பாதையத் திரும்பப் போட்டாச்சு, ஒரு வருசத்துல மறுபடியும் சரிஞ்சிடுச்சுன்னு கற்பனை பண்ணுங்க. ஏன்னு எழுதுங்க. பேரு வேணாம், பயமும் வேணாம்."

மஞ்சள் சீட்டுகள் வந்தன. அறிக்கை தலைமையகத்துக்குப் போவதால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வந்திருந்த பதினொரு தொழிலாளர்களுக்கும் ஆங்கிலம் எழுத வராது. அதற்கும் தோட்டத்தில் ஏற்பாடு உண்டு: எந்தத் தாளானாலும் அலுவலக எழுத்தரான கிராணி எழுதித் தருவார். கிராணி குகனேஸ்வரன் பேனாவோடு வரிசையாக வந்தார். லோரி திரும்ப இடம் போதவில்லை என்று வளைவிலிருந்த லோங்காங்கை, அதாவது வடிகாலை, மண் போட்டு மூடச் சொன்னவர் அவர்தான்.

கொழுந்து பறிக்கும் வேலாயியின் லயன் வீடு அந்த வளைவுக்கு நேர் கீழே இருந்தது.

"லோங்காங்க மூடிட்டாங்கன்னு எழுதுங்க கிராணி. தொறக்கலேன்னா அடுத்த தடவ மண்ணு என் வீட்டுக்குள்ளதான் வரும்."

"எழுதிட்டேன்லா."

"என்னான்னு?"

"மழைன்னு."

"மழையா வந்து மூடுச்சு?"

பக்கத்திலிருந்த சின்னக்கருப்பன் சிரித்தார். "மழைய வேலைய விட்டு நிப்பாட்ட முடியாதுலா வேலாயி. அதான் அது பேரப் போட்டுட்டாரு."

வேலாயி எழுந்தார். "சார், அந்த லோங்காங்கு..."

சசிதரன் கனிவோடு கையை உயர்த்தினார். "வாயால சொன்னா யாரு சொன்னதுன்னு தெரிஞ்சிடும்மா. உங்க பாதுகாப்புக்குத்தான் சீட்டு."

பலகையில் பதினொரு சீட்டுகளும் ஏறின. பதினொன்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே சொல். சசிதரன் சொல்லை மட்டும் பார்த்தார். இவ்வளவு ஒற்றுமையான குழுவைக் கண்டதில்லை என்று பாராட்டிப் படம் எடுத்துக்கொண்டார். அவருடைய அறிக்கையில் முதன்மை அபாயம் பருவநிலை. பரிந்துரை, தொழிலாளர்களுக்கு மழைக்கோட்டு.

வடிகாலைத் திறக்காமலே திரும்பப் போட்ட வளைவு நவம்பர் 27 அன்று காலை மீண்டும் சரிந்தது. வேலாயி அப்போது மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குள் சன்னல் உயரத்துக்கு மண் நின்றது. டிசம்பர் முதல் வாரத்தில் அவர் தானா ராத்தாவிலுள்ள மகள் வீட்டுக்குக் குடிபோனார்.