கெடார் கிணற்றில் இரண்டு மூச்சு

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தன்மையே கிடையாது. கிணற்றைப் பார்க்க வருகிற சாக்கில் மல்லாட்டைச் செடியை மிதிக்கிறார்கள், போகும்போது கைக்கு வந்ததைப் பிடுங்கிப் பச்சை வேர்க்கடலையை மென்றுகொண்டே போகிறார்கள். கெடார் கிராமத்து மாசிலாமணியின் குறை இதுதான். தை மாதத்தில் அவருடைய அறுபதடிக் கிணற்றின் அடியில் பவளப்பாறை முளைத்தது பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் ஏதுமில்லை. தண்ணீர் கரிக்கவில்லை, மோட்டார் ஓடியது, மஞ்சளும் நீலமுமான மீன்கள் தண்ணீர் உறிஞ்சுகிற குழாயடி ஃபுட்வால்வு பக்கம் வராமல் ஒதுங்கியே மேய்ந்தன. அது போதும். விழுப்புரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். திண்டிவனத்திலிருந்து இரண்டு வேன் வந்தது.

பங்குனியில் பொம்மையார்பாளையத்து ஹமீத், தாயார் மஹபூப் பீவியோடு வந்தான். கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பவளம் காட்டுவது அவன் வேலை. அவன் போகிற பவளத் திட்டு கரையிலிருந்து நான்கு நாள் கப்பலில் போனால் வரும். நூறு தடவைக்கு மேல் முங்கினவனைத்தான் அங்கே இறக்குவார்கள். அவன் தம்பி சாதிக் பாட்சா முப்பதுதான் முங்கியிருந்தான். நூறு என்று சொல்லி, போன வருஷம் இறங்கினான். மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஹமீத் கிணற்றை எட்டிப் பார்த்தான். பாறையில் ஒரு பொந்து, பக்கத்தில் துருப்பிடித்த சங்கிலி.

“அம்மா, அந்தச் சங்கிலி அடையாளத்துக்கு நான் கட்டினது. தம்பி போன பொந்து இதான்.”

“கடல் எங்க கீது, கெடார் எங்க கீது? யார் காதுல பூ சுத்தற?” என்றார் மாசிலாமணி.

“ஒரு மணி நேரம் மோட்டாரைப் போடாதீங்க பெரியவரே. தம்பியைக் கூட்டிக்கினு வந்துடறேன்.”

“போடலை, போ. செடியை மிதிக்காம போ.”

சிலிண்டரை மாட்டிக்கொண்டே அவன் தாயிடம் சொன்னான். “குமிழியப் பாத்துக்கினு இரும்மா. பழகினவன் மூச்சு நீளமா வரும். நம்ம சாதிக் மாதிரி புதுசா இறங்கறவன் குட்டை குட்டையா வுட்டு ஜல்தியா காத்தைக் காலி பண்ணிடுவான்.” எட்டு மணிக்குக் கிணற்றில் இறங்கினான்.

மாசிலாமணி சொன்ன சொல் தவறவில்லை, மோட்டாரைத் தொடவேயில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில், கொல்லைக்கு நேரம் வைத்து விடுகிற கரண்டுக்காக யாரும் காத்து நிற்பதில்லை. பெட்டியில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது, கரண்டு வந்தால் மோட்டார் தானாக ஓடும். அந்த சுவிட்சை அவர் ஒன்பது வருஷமாக அணைத்ததேயில்லை. பத்து மணிக்கு வர வேண்டிய கரண்டு அன்றைக்கு எட்டேகாலுக்கே வந்தது. கொல்லைக் கோடியில் வரப்பு கட்டிக்கொண்டிருந்தவர் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் கைப்பழக்கத்தில் மடையைத் திறந்தார். ஒரு பாத்தி நிறைந்தது. அடுத்த பாத்திக்குத் திருப்பினார். அப்புறம்தான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

மூன்று மணி நேரம் இறைத்தாலும் வற்றாத கிணறு அதற்குள் வற்றியிருந்தது. அடியில் பழைய கரும்பாறை, சேறு, ஃபுட்வால்வு. பவளமில்லை, பொந்தில்லை, ஹமீத் இல்லை. காலில் மாட்டுகிற ரப்பர் துடுப்பு ஒன்று மட்டும் கிடந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது.

மறுநாள் கிணறு ஊறியிருந்தது; கரண்டு வந்தபோது வாய்க்கால் தண்ணீரில் குமிழிகள் வந்தன. நீளமாக ஒன்று, குட்டையாக நான்கு. மறுபடி நீளமாக ஒன்று, குட்டையாக நான்கு. மஹபூப் பீவி வரப்பில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அன்றுமுதல் காலை பஸ்ஸில் வந்து, கரண்டு போகும்வரை கேட்டுவிட்டுப் போனாள். துணி துவைக்கிற பெண்கள் அவளுக்கு இடம் விட்டுத் துவைத்தார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் வருவது நின்றது. மல்லாட்டை மூன்று போகம் எடுத்தாயிற்று.

போன வாரம் அவள் மாசிலாமணியைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இங்க வந்து பாருங்க. சின்னவனும் இப்ப நீளமா வுடறான். பழகிட்டான்.”

அவர் குனிந்து பார்த்தார். நீளமாக ஒன்று. சற்றுப் பொறுத்து, நீளமாக இன்னொன்று.

“ஃபுட்வால்வு காத்து இழுக்குதும்மா. புதுசு மாத்தணும்” என்றார். ஒன்றரை வருஷமாக இதையேதான் சொல்கிறார், மாற்றவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, குமிழிகள் வந்துகொண்டிருந்த வாய்க்காலைத் தாண்டி அடுத்த பாத்திக்கு நடந்தார்.