கயிறு கட்டி இழுத்த கார்

ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது. மட்டப்பலகை தன் தங்கச்சி புருஷனுக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவுதான். காருக்குக் கிளச் மாற்றிய வகையில் வந்த கடன். வீட்டை விற்று அடைக்கிற தொகை ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொகைக்காக அவர் இரண்டு வருஷமாகத் தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மட்டப்பலகை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் சுவர் பூசுகிறவர். பூசி முடித்த சுவரில் பலகையை வைத்துப் பார்த்து, நூலளவு மேடு தெரிந்தாலும் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார். ஆளும் அப்படித்தான், வளைய மாட்டார். கூட வேலை செய்கிறவர்கள் விளையாட்டாக வைத்த பெயர், உடம்பில் சிமெண்ட் ஒட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டது.

தங்கச்சி புருஷன் மெக்கானிக். மாப்பிள்ளை, மச்சான் என்று ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள்தான் இருவரும். ஒருநாள் தங்கச்சி வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ மட்டப்பலகையின் காரைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க மச்சான் கார் பெட்ரோல்ல ஓடலைங்க. என் பாக்கியில ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் மட்டப்பலகை பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். "பாக்கியைக் குடுத்துட்டுத்தான் இனி இந்த வாசலை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். சொன்னது சொன்னதுதான்.

அதற்குப் பிறகு ஐந்நூறு, ஆயிரம் என்று சேர்ப்பார். மழை வந்து வேலை நிற்கும், சேர்த்தது கரையும். மனைவிக்குப் பல்வலி வரும், மறுபடி கரையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் முழுசாக முகத்துக்கு நேரே கொடுக்க வேண்டும் என்று அவருக்குள் இருந்த பலகை சொன்னது.

ஆண்கள் இருவரும் பேசுவதை நிறுத்தினார்களே தவிர, சேதி போய்க்கொண்டுதான் இருந்தது. "உன் புருஷன்கிட்ட சொல்லு, வண்டியில டயர் தேயுதுன்னு." "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, காத்தைக் கொறைக்கச் சொல்லி." நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி. "நான் என்ன தபால் பெட்டியா? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி என் வாயில போட்டுட்டுப் போறீங்க" என்று சிரிப்பாள். ஆனால் ஒரு சேதியையும் அவள் தவறவிட்டதில்லை.

அப்படிப்பட்டவள்தான் படுக்கையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளை பட்டறைக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் மட்டப்பலகை ஆஸ்பத்திரிக்கு வருவார். அன்றும் வந்தார். தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கை வரைக்கும் எலும்புதான் தெரிந்தது.

"அண்ணா, திங்கட்கெழமை என்னை அனுப்புறாங்க. நீதான் உன் கார்ல கூட்டிட்டுப் போகணும். என் வீட்டுக்குள்ள கொண்டுபோய்ப் படுக்க வைக்கணும்."

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. வாசலை மிதிக்காமல் வீட்டுக்குள் படுக்க வைக்க முடியாது.

"கூட்டிட்டுப் போறேம்மா" என்றார். அதற்குள் பணத்தைப் புரட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார். காருக்கு ஆயில் வாங்க எடுத்து வைத்தது போக, கையில் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் இருந்தது. குறைவது நானூற்று ஐம்பதுதான்.

ஆனால் காரின் நிலைமை அவருக்குத் தெரியும். எஞ்சின் டொக்கு டொக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆயில் மாற்றி எத்தனையோ காலமாகிவிட்டது. நோயாளியை ஏற்றிக்கொண்டு நடுவழியில் நின்றால் என்ன செய்வது? ஆயில் வாங்கின கடையில், மாற்றித் தருவதற்குத் தனிக்கூலி கேட்டார்கள். அதைக் கொடுத்தால் சேர்த்த பணத்தில் இன்னும் ஓட்டை விழும். மூன்று மாடிக் கட்டடத்துக்குச் சாரத்தில் தொங்கிக்கொண்டு பூசுகிறவனுக்கு ஒரு போல்ட்டைக் கழற்ற வராதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிச் சிமெண்ட் பையை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தார்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அவருடைய கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"வண்டிக்கு அடியில படுத்தவன் எல்லாம் மெக்கானிக்கா? தெரிஞ்சவங்ககிட்ட விட்டாத்தான் என்ன?"

"ஆயிலை எறக்கி ஆயிலை ஊத்தறது. இதுக்கு ஒரு படிப்பா?"

கீழே இரண்டு போல்ட்டுகள் தெரிந்தன. ஒன்று எட்டாத இடத்தில் இருந்தது. கைக்கு வாகாக இருந்ததைப் பிடித்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பேனருக்குப் பின்னால் குழாயைச் செருகி நெம்பினார். திறந்துகொண்டது.

தேன் நிறத்தில் ஆயில் ஒழுகியது. அழுகின முட்டை வாடை அடித்தது. பழைய எஞ்சின் ஆயில் கரியாகத்தான் இருக்கும் என்பது தெரிந்தவன் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பான். மட்டப்பலகைக்குப் பெருமையாகிவிட்டது. 'எத்தனை நாள் ஓடியும் எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கேன் பாரு' என்று நினைத்துக்கொண்டார். அவர் திறந்தது எஞ்சினை இல்லை, கியர்பாக்ஸை. அங்கே இருந்த ஆயில் சொட்டுவிடாமல் வடிந்தது.

போல்ட்டைத் திருப்பி மாட்டும்போது கசியக் கூடாதே என்று, குளியலறைச் சுவரில் ஈரம் இறங்காமல் பூசுகிற வெள்ளைப் பசையை மரையைச் சுற்றி அப்பினார். பிறகு புது ஆயிலை எஞ்சினில் ஊற்றினார். உள்ளே ஏற்கெனவே பழையது நிறைந்திருந்தது. அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தபோது கோட்டுக்கு எங்கேயோ மேலே நின்றது. துடைத்துவிட்டு உள்ளே செருகினார். அவர் தொழிலில் கலவை குறைந்தால்தான் குற்றம். கூடினால் யாரும் திட்ட மாட்டார்கள்.

மறுநாள் காலையில் பின்சீட்டில் தலையணை, போர்வை எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதலில் வெள்ளைப் புகை வந்தது. பனியாக இருக்கும் என்று நினைத்தார். பிறகு அடியிலிருந்து ஊளை கிளம்பியது. வேகம் கூடக் கூட ஊளையும் கூடியது. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "இன்னைக்கு ஒருநாள்டா, ஒரே ஒருநாள்" என்று கெஞ்சிக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிந்ததும் கியரைக் குறைக்கப் போனார். பல்லைக் கடித்து உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். வாசலில் போய்த்தான் நின்றது. நின்றதோடு சரி.

தங்கச்சியைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். பின்னாலேயே மருந்துப் பையோடு மாப்பிள்ளை. பட்டறை சாமான் ஏற்றுகிற சின்ன வேனில் வந்திருந்தார். புகையைப் பார்த்தார், பையைத் தங்கச்சி மடியில் வைத்தார். பானெட்டைத் தூக்கி அளவுக் கம்பியை இழுத்தார். பிறகு போட்டிருந்த நல்ல சட்டையோடு தரையில் படுத்து அடியில் பார்த்தார்.

விரலால் வெள்ளையாக எதையோ சுரண்டிப் பார்த்தார். பிறகு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"உங்க அண்ணன்கிட்ட கேளு, எந்த போல்ட்டைக் கழட்டினாருன்னு."

"எந்த போல்ட்டுண்ணா?" என்றாள் தங்கச்சி.

"ஆயில் போல்ட்டுதான்னு சொல்லு."

"ஆயில் போல்ட்டாம்."

"அது கியர்பாக்ஸ் போல்ட்டுன்னு சொல்லு. அங்க ஒரு சொட்டு இல்ல, இங்க எஞ்சின் முழுகிக் கெடக்குன்னு சொல்லு. பாத்ரூமுக்குப் பூசறதை இதுல எதுக்குப் பூசினாருன்னும் கேளு."

தங்கச்சி கேட்கவில்லை. சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற மாதிரி சிரித்தாள். நாற்காலியைத் தள்ளிவந்த பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டாள். மட்டப்பலகைக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வெள்ளைப் பசை காய்ந்திருந்த விரல்களைச் சட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வண்டி சாயங்காலம்தான் வரும் என்றார்கள். வேனில் அவளால் நிமிர்ந்து உட்கார முடியாது. பின்னால் இரும்புச் சாமான். படுக்க இடம் இருந்தது காரின் பின்சீட்டில் மட்டும்தான்.

"எங்க அண்ணன் எனக்காகக் கொண்டு வந்த வண்டி. இதுலதான் போவேன். கட்டி இழுங்க" என்றாள்.

மாப்பிள்ளை எதையோ நெம்பிக் கியரை விடுவித்தார். அவளைப் பின்சீட்டில் தலையணையில் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, வேனிலிருந்து கயிற்றை எடுத்துக் கட்டினார். அவர் முடிச்சுப் போடுவதைப் படுத்தபடியே பார்த்த தங்கச்சி, "என்னைக் கட்டிக்கிட்டப்பகூட இவ்வளவு கெட்டியா கட்டலை" என்றாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு முடிச்சை இன்னும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

எஞ்சின் ஓடாத காரில் பிரேக் கல்லு மாதிரி இருக்கும். ஸ்டியரிங் லேசில் திரும்பாது. முதல் சரிவில் மட்டப்பலகை பிரேக்கைத் தாமதமாக மிதித்தார். கயிறு தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுத்தது. பின்சீட்டிலிருந்து மெல்லிய முனகல் கேட்டது. அவருக்கு உயிரே போய்விட்டது. அதற்குப் பிறகு கயிற்றைத் தவிர எதையும் அவர் பார்க்கவில்லை. சுவருக்கு நூல் பிடிக்கிற மாதிரி, தொய்யாமலும் அறுந்துவிடாமலும் பிடித்துக்கொண்டு போனார். முன்னால் மாப்பிள்ளை ஜன்னலில் கையை நீட்டினால் இவர் மிதிப்பார்; கையை எடுத்தால் விடுவார். இரண்டு வருஷத்தில் இருவரும் நேராகப் பேசிக்கொண்டது அதுதான்.

"ஊர்வலம் மாதிரி இருக்குண்ணா" என்றாள் தங்கச்சி. "மெதுவாவே போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

வீட்டுக் கேட்டில் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை கதவைத் திறந்து அவளை அணைத்துத் தூக்கினார். அவள் ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நீ ஒரு பக்கம் புடி. உள்ள வா."

மட்டப்பலகை கேட்டுக்கு வெளியே நின்றார். கால் எழும்பவில்லை. பையில் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் இருந்தது. நானூற்று ஐம்பது குறைந்தது.

"சனிக்கெழமை கூலி வந்துரும்மா. பணத்தோட வர்றேன். அப்ப உள்ள வந்து உன் பக்கத்துலேயே உக்காந்துக்கறேன்."

"பணத்தை இப்ப யாருண்ணா கேட்டா?"

"நான் சொன்ன சொல்லு இருக்கில்லம்மா."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"சரி. சனிக்கெழமை வரைக்கும் இருந்து பாக்கறேன்" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டாள்.

சேதி வந்தபோது மட்டப்பலகை ஒரு சுவரைப் பாதி பூசியிருந்தார். கரண்டியைக் கலவையிலேயே விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். கேட்டு வரைக்கும் ஓடிவந்த கால் அங்கே நின்றுவிட்டது. கார் விட்ட இடத்திலேயே நின்றது. பானெட்டின் மேல் துடைத்து வைத்த ஸ்பேனர்கள் வரிசையாக இருந்தன. தங்கச்சியின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கார் தெரியும்.

உள்ளே அழுகைச் சத்தம். அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பிடித்திருந்த அதே கம்பி. உள்ளே யாரிடமாவது சொல்லி அனுப்பலாம் என்றால், சொல்லி அனுப்புகிறவள் இல்லை.

மாப்பிள்ளையே வெளியே வந்தார். முகம் வீங்கியிருந்தது. கேட்டுக்கு உள்ளே அவரும் வெளியே இவரும் நின்றார்கள். "அவர்கிட்ட சொல்லு" என்று ஆரம்பிக்க இருவருக்கும் வழியில்லை.

மட்டப்பலகை சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். சிமெண்ட் காய்ந்த விரல்களோடு கேட்டுக்கு மேலாக நீட்டினார்.

"நானூத்தி அம்பது கொறையுது, மாப்ளே."

மாப்பிள்ளை பணத்தை வாங்கினார். வேண்டாம் என்று தள்ளவில்லை. எண்ணிப் பார்க்கவும் இல்லை. மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"சரியா இருக்கு" என்றார். "அவ உங்க வண்டியை முடிச்சு வைக்கச் சொல்லி ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தா. நேத்து ஓட்டிக் காமிச்சேன். சத்தம் நல்லா இருக்குன்னா."

கேட்டை அகலத் திறந்து பிடித்தார்.

"உள்ள வாங்க, மச்சான்."