எங்கள் தெருவில் ஏறிய தண்ணீர்

"நம்ம வீடு எதும்மா?" என்று அப்பா கேட்டதும் கம்ப்யூட்டர் திரையில், எங்கள் ஊர் வரைபடத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். சின்னதாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டம் தையல்காரருடையது. மதிலுக்கு இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் அவருமாக, ஒரே பேப்பருக்குத் தினமும் சண்டை போடுவார்கள். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். "பாத்துப் பாத்துக் கட்டின வீடு. எள்ளு மாதிரி இருக்கே!"

ஆற்றில் வெள்ளம் வந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணிக்கிற ஆபீஸ் எங்களுடையது. கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். முடிவைப் படமாக ஓடவிட்டு, தண்ணீர் எங்கேயாவது மேட்டில் ஏறி அசட்டுத்தனம் பண்ணுகிறதா என்று பார்ப்பது என் வேலை. நாள் பூரா பார்ப்பேன். பேச ஆள் கிடையாது. தனியாகத் தங்கியிருக்கிற அறைக்குப் போனாலும் கிடையாது. சில நாள் ராத்திரி கடைக்காரரிடம் "பை வேண்டாம்" என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக என் குரல் எனக்கே கேட்கும். யாரோ பேசுவது போலக் கரகரவென்று இருக்கும்.

வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்பதை அப்பாவிடம் எத்தனையோ தடவை போனில் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாயிற்று. "ஆத்தங்கரை வீடு, ஆபத்துப்பா" என்பேன். "பொறந்ததுலேருந்து அந்த ஆத்தப் பாக்கறேன், போடி" என்பார். சரி, கண்ணாலேயே பார்க்கட்டும் என்று சனிக்கிழமை, ஆபீஸ் காலியாக இருக்கிற மத்தியானமாகப் பார்த்து வரவழைத்திருந்தேன்.

ஓடவிட்டேன். ஆறு வீங்கியது. நீலம் கரையைத் தாண்டி, சந்து சந்தாக நுழைந்து, தையல்காரர் வீட்டை மூடி, எங்கள் வீட்டையும் மூடியது. அப்பாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, சீ! அதற்குள் படம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. தெரு காய்ந்து கிடந்தது.

"பாத்தியா, வடிஞ்சிடுச்சு!" என்று தொடையில் தட்டினார்.

"வடியலப்பா. படம் திரும்ப ஆரம்பிக்குது."

"அதென்ன, கடைசி ஸ்டாப்ல ஆள இறக்காமலே திரும்ப முதல் ஸ்டாப்பா?" ரிட்டயர் ஆகும்வரை பஸ் கண்டக்டராக இருந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? இரண்டாம் தடவையும் முழுசாகப் பார்த்தார். "இதுல நான் எங்க இருக்கேன்?"

"ஆளுங்க இதுல கிடையாதுப்பா. தண்ணியும் தரையும்தான்."

"நாள் பூரா இதையா பாத்துட்டு உக்காந்திருக்க?"

"ம்."

காலியாகக் கிடந்த நாற்காலிகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, இந்த வெள்ளம் எப்ப வரும்?" என்றார்.

பொய் நாக்கு நுனிவரை வந்தது. வேலை விஷயத்தில் எனக்குப் பொய் வராது, பாழாய்ப்போன பழக்கம். "இருக்கறதுலயே பெரிய மழையக் குடுத்து ஓட்டினதுப்பா. நூறு வருஷத்துல ஒரு தடவை வந்தா உண்டு."

"வழக்கமா பெய்யற மழைக்கு?"

"வாசப்படிகூட நனையாது."

என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "அடிப்பாவி! தனியா இருக்க முடியலப்பா, வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டேனா? அதுக்கு ஊரையே மூழ்கடிக்கணுமா? தையல்காரர் உனக்கு என்னடி பண்ணினார், பாவம்?"

சிரிப்பு நின்றும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. வாயைத் திறந்தேன்.

"கடைசி பஸ் எத்தனை மணிக்குப்பா?" என்றேன்.

"ஆறரைக்கு. இன்னும் நிறைய நேரம் இருக்கு" என்றார். மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஓடட்டும்."

திரையில் தையல்காரர் வீடு மூழ்கியது. அடுத்தது எங்களுடையது.