ஓடைக்கரையில் பிடுங்கிய செடி

டோரீனுக்குக் கை நீளம் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பாள். அடுத்தவர் தோட்டத்தில் ஒரு கிளையைக் கிள்ளிக் கைப்பையில் போட்டுக்கொள்வதை இங்கிலாந்தின் டெவன் பக்கத்தில் எந்தப் பெண்மணியும் திருட்டு என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். டோரீன் அதற்கென்றே ஒரு குட்டிக் கத்தரிக்கோலும் ஈரத்துணியும் கொண்டு போவாள். அவ்வளவு நேர்த்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை இமோஜென் தன் தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிட்டிருந்தாள். தோட்டம் என்று பேர்தான். இடுப்பளவு புல், வண்ணத்துப்பூச்சிக்கென்று விட்டுவைத்த காஞ்சொறி, முள்ளெலி தூங்குவதற்காக அடுக்கிய மக்கிய கட்டைகள்.

"இதைப் பாக்கக் காசு வேற வாங்கறா," என்றாள் டோரீன். "நம்ம வீட்டுல ரெண்டு மாசம் புல்லு வெட்டாம விட்டா இதைவிட நல்லா வரும்."

"மெதுவாப் பேசு. தர்மத்துக்குத்தானே வாங்கறாங்க," என்றார் கணவர் க்ளைவ். பறவை பார்க்கும் குடிசைப் பக்கம் நழுவிவிட்டார்.

ஓடைக்கரைக்கு வந்ததும்தான் டோரீனின் வாய் ஓய்ந்தது. விரல் தடிமன் தண்டோடு, பச்சைப்பசேலென்று ஒரு செடி கூட்டமாக நின்றது. கிள்ளி முகர்ந்தால் செலரிக்கீரை வாசம். எடுக்கச் சொல்லிக் கை பரபரத்தது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்து இழுத்தாள். கொத்துக் கொத்தான வெள்ளைக் கிழங்கோடு முழுசாக வந்துவிட்டது.

"என்ன இது?" என்று திரும்பி வந்த க்ளைவ் கேட்டார்.

"காட்டு செலரி. இமோஜென்தான் குடுத்தா. தண்டை ராத்திரி சூப்புல போட்டுடு. கிழங்கை நான் வந்து நட்டுக்கறேன்."

க்ளைவுக்கு முழங்கால் வலி. பையை வாங்கிக்கொண்டு காரில் கிளம்பிவிட்டார். டோரீன் எலுமிச்சை கேக்குக்காகத் தங்கினாள். பக்கத்து வீட்டு பாலீன் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

இரண்டாவது துண்டு கேக் பாதி தீர்ந்திருக்கும்போது இமோஜென் தேநீர் மேசைகளுக்கு நடுவே வந்து நின்றாள். கையெல்லாம் சேறு. முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. ஓடைக்கரையில யாரோ ஒரு செடியைப் பிடுங்கியிருக்காங்க. எனக்குக் கோவமில்ல. தயவுசெஞ்சு அதை வாயில மட்டும் வச்சுடாதீங்க. பாக்க செலரி மாதிரி இருக்கும். கிழங்குக்குச் செத்தவன் விரல்னு பேரு. தண்டு, இலை எல்லாமே விஷம். ரெண்டு கடி தின்னாப் போதும், ஆளே போயிடுவாங்க."

"என் மாமியாருக்கு ஒரு கட்டு குடும்மா," என்றார் ஒரு கிழவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"விஷத்தை எதுக்கு வளக்கறே?" என்றாள் பாலீன்.

"நான் வளக்கலைங்க, அது ஓடையோடது. அந்தப் பூவுக்கு எத்தனை வண்டு வருது தெரியுமா? எச்சரிக்கைப் பலகையும் வச்சிருக்கேன். புல்லு மறைச்சிருச்சு போல."

டோரீன் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தாள். க்ளைவ் எதை நறுக்கினாலும் ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லுகிற மனிதர். இமோஜென் கொடுத்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு தின்பார். செடி கொடியைப் பற்றி இமோஜெனுக்குத் தெரியாததா?

பள்ளத்தாக்கில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. "உங்க வீட்டுப் போனைக் கொஞ்சம் எடுத்துக்கவா? பொண்ணுகிட்டப் பேசணும்," என்றாள் இமோஜெனிடம். அப்போதும் ஒரு பொய்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போனதும் காது மிஷினைக் கழற்றி வைத்துவிடுவது க்ளைவின் வழக்கம். ஜன்னலுக்கு வெளியே ஊரே உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தது. சொன்னால் மானம் கப்பலேறிவிடும். ரிசீவரைப் பிடித்தபடி அதை யோசித்துக்கொண்டு நின்றாளே, அந்த நேரத்துக்காக அவள் தன்னை என்றைக்கும் மன்னிக்கப்போவதில்லை.

வெளியே ஓடினாள். "நான்தான்! நான்தான் பிடுங்கினேன். க்ளைவ் அதை சூப்பு வைக்கறார்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. இமோஜென் சாவியை எடுத்தாள். "பாலீன், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. டோரீன், ஏறுங்க."

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சந்து, இரண்டு பக்கமும் வேலி. எதிரே ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் புன்னகையோடு நீங்கள் முதலில் என்று கையை அசைத்தார். அசைத்தாரே தவிர வண்டியை நகர்த்தவில்லை. டோரீன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஞாயிற்றுக்கிழமையில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னாள். மனிதர் விழுந்தடித்துப் பின்னால் போனார்.

சமையலறையில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. க்ளைவ் கையில் கத்தி, வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"துப்பு! துப்பித் தொலை!" டோரீன் அவர் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டாள்.

"கேரட்டு!" என்று கத்தினார் அவர். "வெறும் கேரட்டு! பைத்தியமா உனக்கு?"

டோரீன் அவரைக் கட்டிக்கொண்டு கேவினாள். இமோஜென் பானைக்குள் கரண்டியை விட்டுத் துழாவினாள். கோழியெலும்பு, உருளைக்கிழங்கு. "அந்தச் செடி எங்கங்க?" என்றாள் உரக்க.

க்ளைவ் காது மிஷினை மாட்டிக்கொண்டார். இமோஜெனைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. "கொல்லையில, வாளித் தண்ணியில இருக்கு. காலையில நானே கொண்டு வந்து நட்டுக் குடுத்துடலாம்னு..."

"அது விஷங்க. சாப்பிடலையே?"

"விஷமா? அது எனக்குத் தெரியாதே."

"அப்புறம் ஏன் சூப்புல போடலை?" என்றாள் இமோஜென்.

"நீங்க குடுத்தீங்கன்னு இவ சொன்னா." மனைவியின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார். "இவ சொல்றதை நான் நம்பி ரொம்ப வருஷமாச்சுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் டோரீனிடம் பதில் இருந்திருக்கும். அவரைக் கட்டியிருந்த கையை எடுப்பதா, அப்படியே வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றாள்.