பப்பாளிப் பால் தின்ற கட்டைவிரல்

கம்பெனி ஆள் என்று எவன் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அவன் செருப்பை. மண் இல்லாத செருப்புக்காரனிடம் பேச்சே கிடையாது. பெங்களூரிலிருந்து வந்த ஜெபராஜின் செருப்பில் சூளகிரிச் செம்மண் அப்பியிருந்தது. அதனால் தோட்டத்துக்குள் விட்டேன். நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை.

அவனுக்கு என் பப்பாளிப் பழம் வேண்டாமாம், பால்தான் வேண்டுமாம். காய் பச்சையாய் மரத்தில் தொங்கும்போதே மேல்தோலை லேசாகக் கீறினால் வெள்ளையாய்ச் சொட்டும். அதைச் சட்டியில் பிடித்துக் காயவைத்துப் புட்டியில் அடைத்துக் கொடுத்தால் போதும். என்னத்துக்கு என்றேன். மருந்து செய்ய, தோல் பதம் பண்ண, சீமையில் பீர் கலங்காமல் இருக்க என்று அடுக்கினான். குடிக்கிற சரக்கில் பப்பாளிப் பாலை ஊற்றுகிறவன் வேறு எதைத்தான் ஊற்றமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனையும் போட்டான். இரும்புச் சட்டி ஆகாது, அடுப்பில் வைத்துக் காய்ச்சவும் கூடாது. சரி, ஏமாற்றத்தான் வழி பண்ணுகிறான் என்று முடிவு கட்டினேன்.

அவன் போன பிறகு நானே பார்த்துவிடலாம் என்று ஒரு கிழட்டுச் சேவலின் தொடைக்கறியை இரண்டாக அறுத்தேன். ஒன்றில் பச்சைப் பால் தடவினேன். இன்னொன்றில் கொதிக்கவைத்து ஆறவைத்த பால். பக்கத்தில் ஒரு கேழ்வரகுக் களி உருண்டைக்கும் பச்சைப் பாலையே பூசினேன். வெயில் ஏறுவதற்குள் பச்சைப் பால் பட்ட கறி விரல் வைத்தால் கூழாகப் போனது. கொதித்த பால் பட்டது சேவல் உயிரோடு இருந்தபோது இருந்த விறைப்பில் அப்படியே இருந்தது. களி களியாகவே இருந்தது.

மறுபடி வந்தவனைப் பிடித்துக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

"பெரியவரே, அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாக்குவெட்டிங்க நிறைய இருக்குதுன்னு வச்சிக்கங்க. கறி சங்கிலி சங்கிலியாக் கோத்த சமாச்சாரம். பாக்குவெட்டி வாயில அந்தச் சங்கிலி சிக்கினா நறுக்கிடும். களி வேற மாதிரிச் சங்கிலி, அந்த வாய்க்குள்ள நுழையாது. சூடு பட்டா வெட்டியே வளைஞ்சு போயிடும், இரும்பு பட்டா வாய் அடைச்சிக்கும்."

"கறியத் தின்னுதே, மனுசனை விடுமா?"

"விடாது. நம்ம தோலும் கறி ஜாதிதானே. தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டு, துணி சுத்திக்கிட்டு வேலை செய்யச் சொல்லுங்க."

பால் எடுக்க வந்த பெண்கள் எல்லோரும் துணி சுற்றிக்கொண்டார்கள், ரங்கம்மாவைத் தவிர. அவள் சட்டியை இடது கையில் பிடித்து, வழிகிற பாலை வெறும் விரலால் வழித்துப் போட்டாள். கூட வேலை செய்த மாதம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டியபோதும் ரங்கம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. கூலி உயர்த்திக் கேட்கக் காயம் காட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ரங்கம்மா புருசனை இழந்தவள். புருசனின் தம்பி கரியப்பனுக்கும் அவளுக்கும் பாகம் பிரியவேண்டிய நிலம் என் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் கீழ்ப்பாதியில் கிணறு, மேல்பாதியில் கல். கிணற்றுப் பாதி எனக்கு, கல்லுப் பாதி அண்ணிக்கு என்று கரியப்பன் ஊரைக் கூட்டிப் பேசி முடித்திருந்தான். அவள் பக்கம் பேச ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் மாரியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, "எங்க கொழுந்தன் பாகப் பத்திரத்துல எங்க காட்டுறாரோ அங்க கை வைக்கிறேன்" என்று சத்தியம் பண்ணிவிட்டாள். சாமி முன்னால் சொன்னதை எங்கள் பக்கத்தில் யாரும் தட்டமாட்டார்கள். தட்டினால் அடுப்புக்குக் கொள்ளியும் குடிக்கத் தண்ணியும் கூட ஊரில் கிடைக்காது. கிணறு போனால் அவள் பிழைப்பும் போச்சு என்று எல்லாருக்கும் தெரியும். கல்லில் என்ன விளையும்?

பத்திர ஆபீசுக்கு என்னைச் சாட்சியாகக் கூட்டிப்போனார்கள். கரியப்பனும் கைநாட்டு, அவளும் கைநாட்டு, நானும் கைநாட்டு. பத்திரம் எழுதியவர் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி எல்லை படித்தார். ஆபீஸ் ஐயா ரங்கம்மாவின் கட்டைவிரலை மையில் உருட்டித் தாளில் வைத்தார். ஒரு ரேகை இல்லை. மொட்டைப் புளியங்கொட்டை மாதிரி ஒரு கறுப்பு. மறு கை. அதுவும் அப்படியே. மற்ற விரல்களும் வழவழவென்று பளபளத்தன.

"என்னம்மா இது, சோப்புக்கட்டி மாதிரி இருக்குது?"

"பப்பாளிப் பால் எடுக்கிறேனுங்க" என்றாள், தலை குனிந்தபடி. "வைக்கமாட்டேன்னு சொல்லலீங்க. நல்லாப் பாருங்க, வச்சிட்டேன்."

இப்படியெல்லாம் பதிய முடியாது, தோல் திரும்ப வளர்ந்த பிறகு வாருங்கள் என்று அவர் அனுப்பிவிட்டார். வெளியில் வந்ததும் கரியப்பன் என்னைத்தான் முறைத்தான். நான் ஆலமரத்துக் காக்காயை எண்ணுகிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அவள் சத்தியத்தை மீறவில்லை. விரலைத்தான் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

கரியப்பன் விடுகிற ஆள் இல்லை. அவளை வேலையை விட்டு நிறுத்து என்று என்னிடம் வந்தான். நிறுத்தினால் பால் யார் எடுப்பது, கம்பெனிக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் தோட்டத்துப் பாலை நானே குத்தகைக்கு எடுக்கிறேன் என்றான். முன்பணத்தை வாங்கி முடிந்துகொண்டேன். அன்றைக்கே ரங்கம்மாவை வேலையை விட்டு அனுப்பினான். கூலி மிச்சம் என்று மாதம்மாளையும் மற்றவர்களையும் அனுப்பிவிட்டு, தானே பால் எடுக்க இறங்கினான்.

ஜெபராஜ் பாவம், அவனிடமும் துணி, எண்ணெய் என்று ஓதினான்.

"இது ஏர் புடிச்ச கைங்க" என்றான் கரியப்பன். "பொம்பளைங்க தோலுன்னு நினைச்சிங்களா?"

புத்தி சொல்ல அவன் என்னிடம் கேட்கவில்லையே.

முதலில் விரல் நுனி அரித்தது. அப்புறம் சிவந்தது. அப்புறம் மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. குழம்பில் கை வைத்தால் மிளகாய் ஏறி எரிய, அவன் பெண்சாதி நாராயணம்மா வாசலில் உட்காரவைத்துக் களியை உருட்டி உருட்டி ஊட்டினாள். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று, மாப்பிள்ளைக்கு இன்னொரு வாய் குடும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதற்குள் ரங்கம்மாவுக்குத் தோல் வளர்ந்துவிட்டது. இனி கிணறு போய்விடுமே என்று எனக்குப் பயம்தான். அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. தானாகவே கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்று, வா தம்பி, பத்திரம் பண்ணிடலாம் என்று கூப்பிட்டாள். ஊரே கேட்கக் கூப்பிட்டாள். அவனும் மறுக்க முடியாமல் புறப்பட்டான்.

ஆபீசில் அவள் ரேகை கோலம் போட்ட மாதிரி விழுந்தது. பாகப் பத்திரம் ஆச்சே, பிரிகிற இரண்டு பேரும் வைக்கவேண்டும். கரியப்பன் விரலை வைத்தான். கறுப்பு மொட்டை. ஆபீஸ் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க குடும்பத்துல யாருக்குமே ரேகை கிடையாதா?"

நான் இருமுவதற்காக வெளியில் போனேன். வெகுநேரம் இருமினேன்.

திரும்பி வரும்போது கரியப்பன் குத்தகையைத் திருப்பி எடுத்துக்கொள் என்று என்னிடம் கெஞ்சினான். மழை பிடித்துவிட்டது. உழவு ஓட்டணும், அந்தக் கையால் மேழியைத் தொட முடியவில்லை. காயில் பால் நிறைந்து நிற்கிறது, எடுக்காவிட்டால் கம்பெனியும் வராது, கொடுத்த முன்பணமும் வராது. எடுக்கத் தெரிந்தவர்களைக் கூட்டி வா என்றேன். மாதம்மாளிடம் போனான். ரங்கம்மா வந்தால் நாங்களும் வருகிறோம் என்று பெண்கள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அவள் வாசலுக்கே போனான். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

"வர்றேன் தம்பி" என்றாள். "கிணறு பொதுன்னு எழுதச் சொல்லு. கீழ்ப்பாதியில எனக்கும் ஒரு துண்டு, கல்லுல உனக்கும் ஒரு துண்டு. அப்புறம் வர்றேன்."

"சாமி முன்னாடி சத்தியம் பண்ணியே அண்ணி."

"பண்ணினேன். நீ காட்டுற இடத்துல கை வைக்கிறேன்னு. இப்பவும் வைக்கிறேன், காட்டு. உன் விரலுந்தான் வேணும்."

அவன் தன் விரல்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் காக்காய் தேடினேன், அங்கே மரம் இல்லை.

"இப்ப வேலைக்கு வா" என்றான். "பத்திரம் அப்புறம் எழுதிக்கலாம்."

"எழுதிட்டு வர்றேன்."

புதுப் பத்திரம் எழுதப்பட்டது. கிணறு பொது, இறைக்கிற முறை ஒருநாள் விட்டு ஒருநாள். ஊரையும் கூட்டிப் படித்துக் காட்டினார்கள். அதன் பிறகுதான் ரங்கம்மா தோட்டத்துக்கு வந்தாள், இந்தத் தடவை விரல் விரலாக எண்ணெய் தடவி, துணி சுற்றிக்கொண்டு. கரியப்பன் கையில் தோல் வளரும் வரை எல்லாரும் காத்திருந்தோம். ஆபீசில் இரண்டு பேர் ரேகையும் விழுந்தது. நான் என் விரலை வைக்கும்முன் ஒரு தரம் வேட்டியில் நன்றாகத் தேய்த்துக்கொண்டேன். யாரை நம்புவது?

அந்த மழையிலேயே ரங்கம்மா என்னிடம் பப்பாளிக் கன்று கேட்டு வந்தாள். கிணற்றோரத் துண்டில் நடப்போகிறாளாம், கரியப்பன் வரப்பை ஒட்டி ஒரு வரிசையாக. அவன் மறுபடி வாலாட்டினால் பால் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கட்டும் என்றுதான் இருக்கும். கன்றைக் கொடுத்தேன். விலை பேசி முடிக்கிற வரை அவள் கையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.