கேட்டதைச் சொல்

அப்பாவின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கப் போன வெல்டர் மகன், பாதியில் கையை உருவிக்கொண்டான்.

"மூச்சு முட்டுதுடா. நிமித்தி உக்கார வை."

"வைக்கிறேன். மொதல்ல நான் சொன்னத நீ சொல்லு."

ஆயுசெல்லாம் மூட்டை தூக்கிய உடம்பு. இப்போது விலா எலும்பும் வீம்பும்தான் மிச்சம். அப்பா சுவரைப் பார்த்தார்.

அவர் படுக்கையில் விழுமுன், இரண்டு பேரையும் குடும்ப ஆலோசனைக்கு இழுத்துப் போனது அம்மா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பனும் மகனும் அவள் வழியாகவே பேசிக்கொண்டதில் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அங்கே ஒரே விதிதான். ஒருவர் பேசியதும், கேட்டவர் தன் காதில் விழுந்ததை அப்படியே சொல்ல வேண்டும். பதில் அதற்கப்புறம்.

"என்னம்மா இது, கிளிக்குப் பேச்சுப் பழக்குறீங்களா?" என்றார் அப்பா. ஆலோசகரே சிரித்துவிட்டார். வெல்டர் சிரிக்கவில்லை. போகும்போதெல்லாம் அதையேதான் சொன்னான்: "நான் நைட் ஷிப்டுல இருந்தப்ப என் பொண்டாட்டிய வெளிய தள்ளிக் கதவச் சாத்துன."

போனவள் வரவேயில்லை. அப்பா அதை ஒருமுறைகூடத் தன் வாயால் சொன்னதில்லை. சொல்ல வைக்க வேண்டும் என்பதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டான்.

அந்த ஆலோசனை அறை மாற்றியது அம்மாவைத்தான். வாயில்லாப் பூச்சியாக இருந்தவள், "இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்று இரண்டு பேரையும் அடக்கக் கற்றுக்கொண்டாள்.

இன்று அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது.

"சொன்னாத்தான் தூக்குவேன்."

அப்பாவின் உதடு அசைந்தது. "அவள... வெளிய..."

"முழுசாச் சொல்லு."

முழுசாக வரவில்லை. தொண்டையில் ஏதோ இழுத்தது. பதறிப்போய் அவரை வாரி நிமிர்த்தினான். தலை அவன் தோளில் விழுந்தது. அவ்வளவுதான்.

அம்மா எப்போது வந்தாளோ, செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்து, அப்பாவின் கண்களை மூடினாள். அழவில்லை.

"அவரு மூச்சு முட்டுதுன்னாரு. நீ தூக்கல," என்றாள். "நான் இப்ப என்ன சொன்னேன்?"

"அம்மா, அவரு என் பொண்டாட்டிய..."

"பதில் அப்புறம்."

வாயைத் திறந்தான். "அவரு... மூச்சு..."

வெளியே பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "கொஞ்சம் இரு, வர்றேன்," என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, அம்மா மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.