முயற்சிக்கு நாற்பது மதிப்பெண்

தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் நிறுவனத்தின் கிளை மேலாளர் அவர். அலுவலகத்தில் அவருக்கு 'உந்துவிசை' என்று பெயர். அவர் முன்னால் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமைதோறும் ஒன்பதரைக்கு எல்லோரையும் நிற்க வைத்து, திறமையை யாருக்கு வேண்டுமானாலும் கற்றுக்கொடுத்துவிடலாம், மனப்பான்மை மட்டும் உள்ளேயிருந்துதான் வர வேண்டும் என்று கால் மணி நேரம் பேசுவார். நின்றபடியே தூங்குவது எப்படி என்பதை அந்த அலுவலகம் அவரிடம்தான் கற்றுக்கொண்டது.

பதினெட்டு மாதத்துக்கு முன்னால் அவர் கராத்தே வகுப்பில் சேர்ந்தார். அதற்குப் பிறகு பேச்சு அரை மணி நேரமானது.

வகுப்பு நடப்பது டைல்ஸ் விற்கும் கடைக்கு மேல் மாடியில், காலை ஆறு மணிக்கு. முன்பு அங்கே நடனப்பள்ளி இருந்தது. காலி செய்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, சுவரோடு பதித்த ஆளுயரக் கண்ணாடியை மட்டும் விட்டுப் போயிருந்தார்கள். எதிர்ச்சுவரில் மாஸ்டர் தன் படத்தை மாட்டியிருந்தார். பாடம் நடத்தும்போது அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் அந்தப் படமும் அவரும் ஒன்றாகத் தெரிவார்கள். அந்த இடத்தை விட்டு அவர் அதிகம் நகர்வதில்லை.

மேலாளர் சேர்ந்த அதே நாளில் அவருடைய அலுவலகத்து அனுப்புப் பிரிவு எழுத்தரும் வந்து சேர்ந்தார். ஒருவர் சேர்வது மற்றவருக்குத் தெரியாது. நாற்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். திங்கட்கிழமைப் பேச்சின் முடிவில் கைதட்டாத ஒரே ஆள். கையில் எப்போதும் சரக்குச் சீட்டு இருக்கும் என்பது அவர் தரப்பு. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் 'மனப்பான்மை' என்ற கட்டத்தில் மேலாளர் அவருக்குப் பத்துக்கு நான்கு போடுவது வழக்கம்.

வகுப்பில் மாணவர்கள் தகுதி வரிசைப்படி நிற்க வேண்டும். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்பதால் வயதில் மூத்தவரான மேலாளர் முன்னால், எழுத்தர் அவருக்குப் பின்னால்.

மேலாளர் முதலில் வருவார், கடைசியில் போவார். மற்றவர்கள் இடுப்பு வளைத்து வணங்கினால் இவர் நெற்றி முழங்காலில் முட்டும் அளவுக்கு வணங்குவார். அடிக்கு அடி இவர் போடும் கத்தலில் கீழே கடைக்காரர் ஒருமுறை மாடியில் ஏதோ இடிந்து விழுந்துவிட்டது என்று மேலே ஓடி வந்தார். இதில் ஒரு கணக்கும் இருந்தது. பெல்ட்டுத் தேர்வில் உத்திக்கு அறுபது மதிப்பெண், முயற்சிக்கும் மனப்பான்மைக்கும் சேர்த்து நாற்பது, தேற ஐம்பது. இவர் உதைத்தால் கால் எதிராளியின் முழங்காலைத் தாண்டுவதில்லை. அதனால் என்ன, நாற்பதை அப்படியே அள்ளிவிட்டால் உத்தியில் பத்து வராமலா போகும்?

கட்டா என்பது இல்லாத எதிரியோடு போடும் சண்டை. இருபத்தோரு அசைவு, வரிசை தப்பக் கூடாது. அந்த வரிசையை எழுத்தரால் எளிதில் பிடிக்க முடியவில்லை. வாரம் மூன்று முறையாவது நடுவில் நின்று, "மாஸ்டர், ஒம்பதுக்கு அப்புறம் போச்சு. திரும்பக் காட்டுங்க" என்பார். மாஸ்டர் பெருமூச்சு விட்டு, கண்ணாடி முன்னாலிருந்து மனமில்லாமல் நகர்ந்து வந்து காட்டுவார், திட்டுவார். அந்தம்மா தன் கால் போன திசையைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். இதெல்லாம் கட்டுப்பாடு இல்லாததன் அடையாளம் என்பது மேலாளரின் கருத்து.

மேலாளர் ஒருமுறைகூடத் தானாகத் தடுமாறி நின்றதில்லை, கேட்டதில்லை, திட்டு வாங்கியதில்லை. கண்ணாடியில் பின்னால் இருக்கும் எழுத்தர் தெளிவாகத் தெரிவார். அவர் இடது பக்கம் திரும்பினால் இவரும் திரும்புவார். திசை மாறி நிற்கும்போது அவரே நேர் முன்னால் வந்துவிடுவார், இன்னும் வசதி. அவர் தப்புச் செய்து நின்றால், இவர் மரியாதை நிமித்தம் நிற்பதுபோல் நிற்பார். எல்லாமே அரை நொடி தாமதமாக நடக்கும். மாஸ்டர் அதை நிதானம் என்று மெச்சினார். தான் பார்த்துச் செய்கிறோம் என்பது மேலாளருக்கே தெரியாது. தனக்குக் கட்டா தெரியும் என்றுதான் அவர் மனதார நம்பினார்.

அந்த நம்பிக்கையில்தான், தேர்வுக்கு முந்தைய திங்கட்கிழமை, அடுத்த வாரம் இதே நேரம் பச்சை பெல்ட்டோடு உங்கள் முன்னால் நிற்பேன் என்று அறிவித்தார். நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஆணி அடித்து, புகைப்படம் இல்லாத சட்டம் ஒன்றையும் மாட்டச் செய்தார். தலைமை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டார்.

"படம் எடுத்த பிறகு சட்டம் வாங்கக் கூடாதா?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"நம்பிக்கைன்னா என்னன்னு உனக்குத் தெரியாது."

"தெரியும். உங்களைக் கட்டிக்கிட்டேனே," என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.

ஞாயிறு காலை தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்தார். ஒல்லியான வயதான அம்மா. மாஸ்டரே அவரிடம் கற்றவராம். அதனாலோ என்னவோ மாஸ்டர் அன்று கண்ணாடிப் பக்கமே போகவில்லை. அந்த அம்மா உள்ளே வந்ததும் கண்ணாடிச் சுவரை ஒரு பார்வை பார்த்தார். இங்கே சண்டை பழகுகிறீர்களா, சிகை அலங்காரமா என்று கேட்டுவிட்டு, அதை மூடச் சொன்னார். மாஸ்டர் வீட்டிலிருந்து பூப்போட்ட படுக்கை விரிப்பு இரண்டு வந்து தொங்கின.

பச்சை பெல்ட்டுக்கு இருவர்தான். வழக்கம்போல் மேலாளர் முன்னால், எழுத்தர் பின்னால். மேலாளர் நெற்றி முழங்காலில் முட்ட வணங்கினார், நிமிர்ந்தார், எதிரே பூக்களைப் பார்த்தார். தேர்வாளர் கையைத் தட்டினார்.

முதல் அசைவு இடது பக்கம். மேலாளர் முழு மனப்பான்மையோடு வலது பக்கம் திரும்பிக் கத்தினார். அதற்குப் பிறகு எது எப்போது வரும் என்று தெரியாததால் தெரிந்ததையெல்லாம் செய்தார். ஏழாவது அசைவில் சுழன்று திரும்பியபோது அனுப்புப் பிரிவு எழுத்தரோடு மூக்குக்கு மூக்கு நின்றார். பதினெட்டு மாதத்தில் வகுப்பில் கண்ணாடி வழியாக இல்லாமல் அந்தம்மாவின் முகத்தை இத்தனை அருகில் பார்த்தது அதுதான் முதல் தடவை. உதடுகள் ஓசையில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தன. அந்தம்மா ஓரமாக ஒரு அடி விலகி, எட்டு என்று எண்ணி, போய்க்கொண்டே இருந்தார். இந்த முறை ஒன்பதுக்கு அப்புறமும் வரிசை தப்பவில்லை.

மேலாளரைத் தனியாக ஒருமுறை செய்யச் சொன்னார் தேர்வாளர். "கத்த வேண்டாம். சும்மா செய்ங்க, போதும்."

சத்தம் இல்லாமல் மூன்று அசைவு வந்தது. நாலாவதைத் தேடி அவர் நின்றார். நின்றார் என்றால், படுக்கை விரிப்பில் எத்தனை பூ என்று சொல்லும் அளவுக்கு நின்றார்.

உத்திக்கு ஆறு, முயற்சிக்கும் மனப்பான்மைக்கும் எட்டு. எழுத்தருக்கு முப்பத்திரண்டும் முப்பத்தாறும். உத்திக்கு வந்த ஆறை மேலாளர் எப்படியோ விழுங்கிவிட்டார். எட்டைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து தேர்வாளரிடம் போனார். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததையும், முதலில் வருவதையும், கத்தலையும் வரிசையாகச் சொன்னார். மாஸ்டரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

"மாஸ்டர்கிட்ட எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஒரு தடவைகூட இல்லீங்க மேடம்." சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"அதுக்குத்தான் எட்டு. அதுவும் நாலு போட்டேன், பெருக்கித் துடைக்கிறதையும் நீங்கதான் செய்றீங்கன்னு சொன்னாங்க, எட்டாக்கினேன்." பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீயும் கொஞ்சம் அந்தச் சுவரை விட்டு நகரு."

மாஸ்டரின் தலையாட்டல் நின்றது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு எல்லோரும் வந்து நின்றார்கள். வெறும் சட்டம் சுவரில் இருந்தது. எழுத்தர் சரக்குச் சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் கிடங்கு வரை சிரிப்பு போயிருக்கும். மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"தேறல. வேலையைப் பாருங்க," என்றார்.

அந்த அலுவலகத்தில் அவர் ஆற்றிய உரைகளிலேயே கைதட்டல் தானாக வந்தது அதற்குத்தான். எழுத்தர் அப்போதும் தட்டவில்லை. கையில் சீட்டு இருந்தது.

மறுநாள் வகுப்பில் கண்ணாடி எட்டாத தூண் பக்கமாகப் போய் நின்று, நாலாவது அசைவு வந்ததும் மேலாளர் கையைத் தூக்கினார். "மாஸ்டர், புரியல." மாஸ்டர் பழக்கதோஷத்தில் பெருமூச்சு விட்டார். பிறகு அவரைப் பிடித்து நன்றாகத் திட்டினார்.

அன்று அலுவலகத்தில் ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்கள் கையெழுத்துக்காக மேசையில் இருந்தன. அனுப்புப் பிரிவு, மனப்பான்மை, நான்கு. போன வாரம் அவர் கைப்பட எழுதியது. அதை அடித்து, பக்கத்தில் ஏழு என்று எழுதினார். ஒன்பது போட்டிருக்கலாம்தான். ஒரே வாரத்தில் ஒரு மனிதன் எவ்வளவுதான் மாறுவான்?